ஒன்றரை அடி ஷாஃப்ட்டும் முந்நூறு வருட வரலாறும்

"மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும்" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "ஹாஸ்டல் சாம்பார், கட் அடித்துப் பார்த்த சினிமா இதையெல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிட்டாங்க. நீ எஞ்சினியர்தானே, உருப்படியா ஏதாவது எழுது" என்று கூடவே ஒரு கொக்கியும் போட்டார்.

உருப்படியாக எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். நம் கல்லூரி மெஷின் ஷாப் சுவரில், பெரிய லேத்துக்கு மேலே, குட்டையான இரும்புக் குழாய் ஒன்று கம்பியில் தொங்குகிறது. அதன் இரண்டு முனையிலும் கவட்டை மாதிரி இருக்கும். லேப் முடிந்து கை கழுவப் போகிற அவசரத்தில் நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தொங்கவிட்டவர் எங்கள் ஃபோர்மேன் சார். கெடுத்தவர்கள் நாங்கள் நான்கு பேர். அந்தக் குழாயின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் 300 வருடம் பின்னால் போக வேண்டும். பொறுமையாக வாருங்கள்.

சிவில், கம்ப்யூட்டர் நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். எஞ்சின் முன்னாலும் வண்டியைத் தள்ளும் சக்கரம் பின்னாலும் இருந்தால், எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோக ஒரு நீளமான தண்டு வேண்டும். லாரிக்கு அடியில் சுற்றிக்கொண்டே போகுமே, அதுதான். புரபெல்லர் ஷாஃப்ட் என்பார்கள். கியர்பாக்ஸ் சேசிஸோடு நிற்கிறது. பின் ஆக்சிலோ பள்ளம் மேடு வரும்போதெல்லாம் ஏறி இறங்குகிறது. ஆகவே ஷாஃப்ட் வளைந்து கொடுத்துக்கொண்டே சுற்ற வேண்டும், நீளத்திலும் கொஞ்சம் கூடிக் குறைய வேண்டும். வளைவதற்கு இரண்டு முனையிலும் ஜாயிண்ட், நீளத்துக்கு உள்ளே போய்வரும் ஒரு ஸ்லீவ்.

ஹூக் கொடுத்த மூட்டு

அந்த ஜாயிண்டுக்கு வயது மோட்டார் காரைவிட இருநூறு ஆண்டுகள் அதிகம். ஸ்பிரிங் விதியில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த ராபர்ட் ஹூக், 1676-ல் வெளியான தன் நூலில் அதை விவரித்திருக்கிறார். சூரியனைக் கண் கூசாமல் பார்க்கும் கருவியைப் பற்றிய நூல் அது. இரண்டு கவட்டை, நடுவில் ஒரு சிலுவை, அவ்வளவுதான் அமைப்பு. நம் மெக்கானிக்குகள் இன்றைக்கும் அதைக் 'கிராஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் பலர் இத்தாலியக் கணித மேதை கார்டானோவின் பெயரால் 'கார்டன் ஜாயிண்ட்' என்பார்கள்.

இந்த ஜாயிண்டில் ஒரு குறும்பு உண்டு. ஷாஃப்ட் நேராக இருக்கும்வரை ஒழுங்காகச் சுற்றும். கொஞ்சம் சாய்த்தால், உள்ளே ஒரே சீரான வேகத்தில் சுற்றினாலும் வெளியே வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடி, இரண்டு முறை குறையும். சாய்வு 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நிமிடத்துக்கு 3,000 சுற்று கொடுத்தால், வெளியே அது சுமார் 2,820-க்கும் 3,190-க்கும் இடையே ஊசலாடும். ஹூக்குக்கே இந்த ஏற்ற இறக்கம் தெரியும். சூரியக் கடிகாரத்தில் நிழல் நகரும் கணக்கைக் காட்ட அவர் அதையே பயன்படுத்திக்கொண்டார். அவருக்கு உதவிய குணம் காருக்கு உபத்திரவம்!

இதற்கு மருந்து அதே மாதிரி இன்னொரு ஜாயிண்ட். முதல் ஜாயிண்ட் செய்கிற கோளாறை இரண்டாவது ஜாயிண்ட் அப்படியே திருப்பிச் செய்து சரிக்கட்டிவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருக்க வேண்டும். நடுக்குழாயில் உள்ள இரண்டு கவட்டைகளும் ஒரே தளத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். கவட்டை 90 டிகிரி திரும்பிவிட்டால் கோளாறு கழிவதற்குப் பதில் கூடிவிடும். மேலே சொன்ன 6 சதவீத ஊசலாட்டம் 12, 13 சதவீதம் ஆகிவிடும். இந்தப் பத்தியைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதை இதில்தான் மாட்டப்போகிறது.

தோட்டத்துக் கொட்டகையில் ஒரு கார்

1898-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் பியான்கூர் என்ற இடத்தில் லூயி ரெனோ என்ற 21 வயது இளைஞர், குடும்பத்தின் தோட்ட வீட்டுக் கொட்டகையில் ஒரு சிறிய காரைக் கட்டினார். எஞ்சின் அவர் செய்ததல்ல. தி தியோன்-பூத்தோன் கம்பெனியின் மூன்று சக்கர வண்டியில் வருகிற எஞ்சின், இரண்டு குதிரைச் சக்திகூடக் கிடையாது. அந்த வண்டியில் எஞ்சின் பின் ஆக்சிலை ஒட்டியே இருக்கும். ரெனோ அதை முன்னால் கொண்டுவந்தார். அதனால் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் பிரச்சினை வந்தது.

அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்கள் செயினில் ஓடின. நம் சைக்கிள் செயின் மாதிரியே அதுவும் தூசி தின்னும், தொய்யும், சத்தம் போடும். ரெனோ செயினைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜாயிண்ட் வைத்த ஒரு தண்டைப் பின் ஆக்சில் வரை ஓட்டினார். டாப் கியரில் எஞ்சின் சுழற்சி வேறு பல்சக்கரம் எதிலும் நுழையாமல் நேராகவே அந்தத் தண்டுக்குப் போகும்படி செய்தார். 1898 டிசம்பர் 24 இரவு மோன்மார்த்ர் பகுதியில் ரூ லெபிக் என்ற சாலையின் 13 சதவீத ஏற்றத்தில் அந்தக் குட்டி வண்டி சிரமமில்லாமல் ஏறிக் காட்டியது. அன்று இரவே 12 பேர் ஆர்டர் கொடுத்தார்களாம். அடுத்த வருடம் அந்த 'நேரடி ஓட்டத்துக்கு' அவர் காப்புரிமை வாங்கினார். ரெனோ கம்பெனி பிறந்தது இப்படித்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வேறு ஒரு வண்டியின் உறுப்பை எடுத்து, வீட்டுக் கொட்டகையில் வைத்து, தன் வண்டிக்குப் பொருத்தியவர்தான் ரெனோ. பழைய வண்டியில் எஞ்சின் இருந்த இடத்தையே அவர் காப்பி அடித்திருந்தால் ஷாஃப்ட்டே வந்திருக்காது. இடத்தை மாற்றினார். மாற்றியதால் என்னென்ன பின்விளைவு வரும் என்று உட்கார்ந்து யோசித்தார்.

கராஜில் பிறந்த லோட்டஸ்

ஐம்பது வருடம் தாண்டி லண்டனுக்கு வருவோம். உலகப் போர் முடிந்த நேரம். பெட்ரோல் ரேஷன், புதுக் கார்கள் ஏற்றுமதிக்கு. ஆனால் 1922 முதல் 1939 வரை தயாரான ஆஸ்டின் செவன் என்ற 747 சிசி குட்டிக் கார்கள் பழைய விலைக்குத் தாராளமாகக் கிடைத்தன. அவற்றை வெட்டி ஒட்டிப் பந்தயக் கார் செய்கிறவர்களுக்கென்று 750 மோட்டார் கிளப் என்ற சங்கமே 1939 முதல் இருந்தது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த காலின் சாப்மன் 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வாங்கினார். தன் காதலி ஹேஸலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜில் வைத்து அதை வேறு காராக மாற்றினார். அதுதான் முதல் லோட்டஸ். (ஹேஸலைத்தான் பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். இந்தக் காலத்து மாணவர்கள் கராஜ் கேட்பதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளவும்!)

1957-ல் அவர் கம்பெனி லோட்டஸ் செவன் என்ற இரண்டு சீட் காரை வெளியிட்டது. மெல்லிய குழாய்களால் ஆன கூடு, மேலே அலுமினியத் தகடு, கதவு கிடையாது. முழுக் காராக வாங்கினால் பிரிட்டிஷ் அரசுக்குப் பர்ச்சேஸ் டாக்ஸ் கட்ட வேண்டும், பிரித்துப் பாகங்களாக வாங்கினால் வேண்டாம். ஆகவே பலர் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டிலேயே கட்டினார்கள். 1973-ல் வாட் வரி வந்தபோது அந்தச் சலுகை போயிற்று. அதே வருடம் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டரம் நிறுவனத்துக்குப் போனது.

செவனில் எஞ்சின் முன் சக்கரங்களின் மையத்துக்கும் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். எடை நடுவில் விழுந்தால் வளைவுகளில் கார் சொன்னபடி கேட்கும். அப்படித் தள்ளும்போது கியர்பாக்ஸின் வால் சீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆகவே ஷாஃப்ட் மிகவும் குட்டை. அதுவும் எங்கே சுற்றுகிறது? ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே, இடுப்புக்கு அருகில், மெல்லிய தகட்டு மூடிக்குள்!

250 பவுண்ட் கார்

செவன் மாதிரி ஒரு காரை ஏழை எளியவரும் கட்டலாம் என்று கதவைத் திறந்துவிட்டவர் ரான் சாம்பியன், ஒரு பள்ளி ஆசிரியர். 1996-ல் ஹேன்ஸ் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய புத்தகத்தின் தலைப்பே, வெறும் 250 பவுண்டில் நீங்களே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்ற பொருளில்தான் இருக்கும். சதுர இரும்புக் குழாய், ஒரு வெல்டிங் மெஷின், ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட் போதும். அந்த எஸ்கார்ட்டுக்கு 'டோனர் கார்' என்று பெயர். கண் தானம், ரத்த தானம் மாதிரி எஞ்சின் தானம், ஆக்சில் தானம்! இந்த வகைக் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் எஸ்கார்ட்டின் ஷாஃப்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பார்கள். எஸ்கார்ட்டின் வீல்பேஸ் சுமார் 2.4 மீட்டர். செவனுடையது அதைவிட ஓர் அரை அடிதான் குறைவு. ஆனால் எஞ்சின் பின்னால் தள்ளியிருப்பதால் ஷாஃப்ட்டில் போக வேண்டிய நீளம் அதைவிட மிக அதிகம்.

வெட்டுவதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. குழாய் நீளமானால் வேகமாகச் சுற்றும்போது ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் வில்லாக வளைய ஆரம்பிக்கும். அந்த ஆபத்தான வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். பாதி நீளம் என்றால் நான்கு மடங்கு வேகம் வரை பயமில்லை. இது லாபம். நஷ்டம் எங்கே என்றால் சாய்வில். கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் உயரத்தில் 50 மி.மீ. வித்தியாசம் என்று வையுங்கள். 1,300 மி.மீ. நீள ஷாஃப்ட்டில் அது 2 டிகிரி சொச்சம்தான். 600 மி.மீ. ஷாஃப்ட்டில் ஏறக்குறைய 5 டிகிரி. பள்ளத்தில் ஆக்சில் ஏறி இறங்கும்போது இன்னும் கூடும். அதாவது ஹூக்கின் குறும்பு குட்டை ஷாஃப்ட்டில்தான் அதிகம்.

பிறகு 2007-ல் கிறிஸ் கிப்ஸ் எழுதிய புத்தகம் ஃபோர்டு சியராவை டோனராக எடுத்துக்கொண்டது. சியராவில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு நிற்கும். ஏறி இறங்குகிற வேலை பக்கத்து அரை ஷாஃப்ட்களுக்குப் போய்விடும். அவற்றில் உள்ளது சீர்வேக ஜாயிண்ட், ஹூக்கின் குறும்பு அதில் கிடையாது. ஃபோர்டில் இருந்த ஆல்ஃபிரட் ரெஸெப்பா 1920-களில் அப்படி ஒன்றை உருண்டைக் குண்டுகளை வைத்து உருவாக்கினார். அந்த ஜாயிண்டை லட்சக்கணக்கில் தெருவுக்குக் கொண்டுவந்தது 1959-ல் வந்த மினி கார்.

பிரிட்டனில் இப்படிக் கட்டிய காரைத் தெருவில் ஓட்ட 1998 முதல் அரசுப் பரிசோதனை கட்டாயமானது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே நமக்கு இந்த வித்தையெல்லாம் கல்லூரிக் காம்பவுண்டுக்குள்ளும் பந்தய மைதானத்திலும்தான்.

எங்கள் அம்பாசடர்

இனி சுவரில் தொங்கும் குழாய்க்கு வருகிறேன். ஃபைனல் இயர் பிராஜக்ட்டாக நாங்கள் நான்கு பேர் ஒரு செவன் மாதிரி இரண்டு சீட் கார் கட்டினோம். டோனர், காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு பழைய அம்பாசடர். அம்பாசடரும் பிறப்பால் இங்கிலாந்துக்காரர்தானே, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது சீரிஸ். முன்னால் எஞ்சின், நடுவில் ஷாஃப்ட், பின்னால் முழு ஆக்சில், எல்லாம் பாடப் புத்தகத்தில் உள்ளபடி.

எஞ்சினைப் பின்னால் தள்ளியதால் ஷாஃப்ட்டில் ஒன்றரை அடி அதிகம். ஃபோர்மேன் சார் முறையைச் சொல்லிக்கொடுத்தார். வண்டியைத் தரையில் நிறுத்தி, இரண்டு பேரை உட்காரவைத்து, அந்த நிலையில் அளவு எடுக்கணும். ஸ்லீவ் உள்ளே முட்டாமல் ஓர் அங்குலம் போய்வர இடம் விடணும். வெட்டுவதற்கு முன் குழாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேர்க்கோடு கீறணும். லேத்தில் போட்டு வெல்டிங்கை மட்டும் சீவி, கவட்டையை உருவி, குழாயை வெட்டி, கோட்டோடு கோடு சேர்த்துத் திரும்ப அடிக்கணும். டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்த பிறகுதான் வெல்டிங்.

எல்லாம் செய்தோம். கோட்டை மட்டும் ஸ்கிரைபரில் கீறாமல் சாக்பீஸால் போட்டோம். லேத்தில் கூலண்ட் ஓடியதும் கோடு போய்விட்டது. அன்றைக்கு சார் லீவு. "கண்ணால பாத்தா தெரியாதாடா? நேராத்தான் இருக்கு" என்றான் ஒருத்தன். அந்த ஒருத்தன் நான்தான்.

முதல் ஓட்டம் சாயங்காலம், வொர்க்‌ஷாப்பிலிருந்து மைதானம் வரை. 20 கி.மீ. வேகத்தில் ராஜா மாதிரி போனது. 35 தாண்டியதும் அடியில் ஒரு அதிர்வு. கியர் லீவர் விரலில் கூச ஆரம்பித்தது. நான் ஓட்டினேன், பக்கத்தில் நண்பன். ஷாஃப்ட்டுக்கு இன்னும் மூடி போடவில்லை, அவன் கை அதன் மேல்பக்கச் சட்டத்தைப் பிடித்திருந்தது. "இன்னொரு ரவுண்டு போலாம், பெட் ஆயிடும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஃபோர்மேன் சார் நடு ரோட்டில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"எறங்குங்க தம்பி. ரெண்டு பேரும் எறங்குங்க."

கழற்றிப் பார்த்தபோது பின் ஜாயிண்டில் ஒரு சர்க்கிளிப் காடியை விட்டு வெளியே வந்திருந்தது. அது பிடித்து வைத்திருக்கும் கிண்ணம் இரண்டு மி.மீ. நகர்ந்திருந்தது. அது முழுதாக வெளியே வந்தால் கிராஸ் கழன்று, ஷாஃப்ட் ஒரு முனையில் மட்டும் பிடிப்போடு சுற்றும். அந்த இடத்தில் நண்பனின் கை இருந்தது. சார் ஷாஃப்ட்டை சர்ஃபேஸ் பிளேட்டில் வி-பிளாக் மேல் வைத்து, ஒரு கவட்டையை மட்டமாக நிறுத்தினார். மறு கவட்டை சாய்ந்து நின்றது. கோணமானி வைத்துப் பார்த்தோம், 20 டிகிரிக்கு மேல். கண்ணால் பார்த்த நேர்க்கோட்டின் லட்சணம்!

எக்ஸ்டர்னல் வர இன்னும் நான்கு நாள்தான். "25-க்கு மேல போகாம ஓட்டிக் காட்டிடலாம் சார், அவருக்குத் தெரியாது" என்று கெஞ்சினோம். சார் திட்டவில்லை. "அவருக்குத் தெரியாது. ஷாஃப்ட்டுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பரீட்சை அன்று ஷாஃப்ட் இல்லாத காரைத்தான் நிறுத்தினோம். "வண்டி ஓடுமா?" என்று கேட்டார் எக்ஸ்டர்னல். "ஓடும் சார், ஆனா ஓட்டக்கூடாது" என்று காரணத்தைச் சொன்னோம். அதன் பிறகு அரை மணி நேரம் ஹூக் ஜாயிண்டைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்து மற்றவர்கள் ஊருக்குப் போன பிறகு நாங்கள் பத்து நாள் தங்கி, இன்னொரு அம்பாசடர் ஷாஃப்ட் வாங்கி, ஸ்கிரைபரால் கோடு கீறி, சரியாகச் செய்தோம். சுற்றிலும் கனமான இரும்புப் பட்டையால் இரண்டு வளையம் போட்டோம், உடைந்தாலும் வெளியே வராதபடி. 60 கி.மீ. வேகத்தில் கியர் லீவர் அசையவில்லை. அன்று பக்கத்து சீட்டில் சார்தான் உட்கார்ந்திருந்தார்.

இன்றைக்கு நம் மாணவர்கள் பாஹா போட்டிக்கும் மற்றவற்றுக்கும் கார் கட்டுகிறார்கள். கட்டட்டும். ரெனோவும் சாப்மனும் இப்படி ஆரம்பித்தவர்கள்தான். இரவல் உறுப்பை வைத்துக் கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓர் உறுப்பு அதன் பழைய வண்டியின் கணக்கோடுதான் நம் கைக்கு வருகிறது. எந்தக் கணக்கை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். ஷாஃப்ட்டின் நீளம் நம் இஷ்டம். இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள உறவு நம் இஷ்டமல்ல.

ஃபோர்மேன் சார் ஓய்வு பெற்றுவிட்டார். சந்திப்பு நாளன்று சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் மெஷின் ஷாப் பக்கம் போய்விட்டு வாருங்கள். குழாயை இறக்கி, ஒரு முனையிலிருந்து மறு முனையைப் பாருங்கள். கண்ணுக்கு நேராகத்தான் தெரியும்.